உலர்ந்த ரத்தினம்

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். வெப்சைட் செய்துதான் பிழைக்கிறேன்; ஆனால் இதுவரை ஒரு வெப்சைட்டைக்கூட முழுதாக நானே எழுதியதில்லை. என் தொழிலில் யாருமே எழுதுவதில்லை. (எழுதுகிறேன் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பெண் கொடுக்காதீர்கள். மற்ற விஷயங்களிலும் பொய் சொல்வார்.) தேதி காட்ட ஒரு துண்டு, படம் நகர ஒரு துண்டு என்று, எங்கோ யாரோ எழுதி 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று வைத்திருக்கும் நிரல்களை எடுத்துவந்து ஒட்டுவோம். அந்தத் துண்டுக்கு லைப்ரரி என்று பெயர். எடுத்துவருவதற்கு இம்போர்ட் என்று பெயர். கேட்க கௌரவமாக இருக்கும். உண்மையில் அது பக்கத்து வீட்டில் தயிருக்கு உறைமோர் வாங்குகிற சமாச்சாரம்தான். வாங்குகிறோம், நம் பாலில் விடுகிறோம், காலையில் தயிர். அந்த வீட்டில் என்ன பால் என்று யாரும் கேட்பதில்லை.

நானும் கேட்கவில்லை. அதனால் காஞ்சிபுரத்தில் ஒரு குடும்பத்தின் நான்கு தறிகள் கிட்டத்தட்ட நின்றுபோகப் பார்த்தன.

எட்டு வருடத்துக்கு முந்தைய கதை. எனக்கு இருபத்து மூன்று வயது. சென்னையில் ஒரு கம்பெனியில் ஆறு மாதம் பயிற்சி கொடுத்து, "நாங்களே கூப்பிடுகிறோம்" என்று கைகுலுக்கி அனுப்பியிருந்தார்கள். (இன்னும் கூப்பிடவில்லை. நம்பரை மாற்றாமல்தான் வைத்திருக்கிறேன்.) காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் முசரவாக்கத்தில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அப்பாவுக்கு நெல் தெரியும், கரும்பு தெரியும், உள்ளூர் அரசியல் அத்துப்படி. மகன் என்ன செய்கிறான் என்பது மட்டும் தெரியாது. யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்ல இருக்கறான்" என்பார். அதை அவர் சொல்லும் விதத்தில், கம்ப்யூட்டர் என்பது அரக்கோணத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு ஊர் என்று தோன்றும்.

என் அக்கா மலரின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் இருக்கும் பிள்ளையார்பாளையம் போனபோதுதான் புவனா அக்காவைப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். வீட்டில் இரண்டு தறி, அடுத்த தெருவில் தம்பி வீட்டில் இரண்டு தறி. பேச்சில் அவரை யாரும் மடக்க முடியாது. விலையைக் குறைக்கச் சொல்லி ஆரம்பித்த என் அம்மா, கடைசியில் கூடுதலாக ஒரு புடவையும் எடுத்துக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டு வந்தார். புவனா அக்காவின் கணவர் ஏகாம்பரம் அண்ணன் நேர் எதிர். பட்டு நூலுக்குச் சாயம் போடுவது அவர் வேலை. முழங்கை வரைக்கும் ஏதாவது ஒரு நிறத்தில் இருப்பார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

"நீ இன்னா பண்றபா?" என்று புவனா அக்கா என்னைக் கேட்டார்.

"வெப்சைட் டெவலப்பர்க்கா."

"அத்த வச்சி பொடவ விக்க முடியுமா?"

"ஒலகம் பூரா விக்கலாம்க்கா."

(என் அப்பா என்னை முதல்முறையாகக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தது அப்போதுதான்.)

அதுவரை அவர்கள் ஒரு பெரிய கடைக்கு நெய்துகொண்டிருந்தார்கள். தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவும், குறுக்கே ஓடும் நூலும் கடையே கொடுக்கும். நெய்து கொடுத்தால் கடையின் பெயரை ஒட்டிக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிடுவார்கள். புவனா அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. தங்கள் தறியில் நெய்தது தங்கள் பெயரிலேயே போக வேண்டும். அதற்கு ஒரு வழியும் கிடைத்திருந்தது. மலேசியாவில், ஈப்போவில் இருக்கும் மல்லிகா அம்மா என்பவர், மகள் கல்யாணத்துக்குப் பதினான்கு புடவை வேண்டும், ஊருக்கு வந்துபோக நேரமில்லை, இணையத்தில் காட்டினால் குடும்பமாக உட்கார்ந்து பார்த்து எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார். அதை நம்பி புவனா அக்கா, கடை அனுப்பிய அடுத்த பாவை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். திருப்பி அனுப்பினால் கடை மறுபடி கூப்பிடாது. ஆக, நான்கு தறியும் என் வெப்சைட்டை நம்பி உட்கார்ந்திருந்தன. எனக்கு அது தெரியும். தெரிந்தும் அப்படிச் செய்தேனே என்பதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

மொத்தம் அறுபது புடவைகள், கடை வேலைக்கு நடுவே சொந்த நூலில் பல வருடமாக நெய்து சேர்த்தவை. புகைப்படம் எடுத்தது நான், அவர்கள் கூடத்தில், டியூப் லைட் வெளிச்சத்தில். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிறத்தின் பெயர் வரவேண்டும் என்றார் புவனா அக்கா. ஏகாம்பரம் அண்ணன் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதிக் கொடுத்தார். அரக்கு, மாந்துளிர், வெங்காயத்தோல், கத்தரிப்பூ, வேப்பம்பழம், புறாக்கழுத்து, மயில்கழுத்து என்று தாள் முழுக்க. எந்தப் பெயர் எந்தப் புடவைக்கு என்று மட்டும் எழுதவில்லை. அதை எழுதுவது, மாட்டின் கழுத்தில் 'இது மாடு' என்று அட்டை தொங்கவிடுவது போல அவருக்குத் தோன்றியிருக்கும். எனக்கோ சிவப்பில் இரண்டு வகைதான் தெரியும்: ஒன்று சிவப்பு, மற்றது இன்னொரு சிவப்பு.

போய்க் கேட்டிருக்கலாம். பைக்கில் போனால் கொஞ்ச நேரம்தான். ஆனால் "ஒலகம் பூரா விக்கலாம்" என்று சொன்ன அதே வாயால் "அக்கா, இதுல அரக்குன்னா எதுக்கா?" என்று எப்படிக் கேட்பது? மானம் என்று ஒன்று இருக்கிறதே. (இருந்தது. இந்தக் கட்டுரை முடிவதற்குள் போய்விடும்.)

எனவே லைப்ரரி தேடினேன். கிடைத்தது. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணைக் கொடுத்தால், அந்த நிறத்துக்கு நெருக்கமான பெயரை இந்த லைப்ரரி ஆங்கிலத்தில் சொல்லும். இரண்டாவதாக ஒரு லைப்ரரி எடுத்தேன். அது ஆங்கிலத்தைத் தமிழாக்கும். இரண்டு வரி இம்போர்ட், வேலை முடிந்தது. அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று அந்த லைப்ரரியின் பக்கத்திலேயே தெளிவாக எழுதியிருந்தது. இணையத்தில் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் ஒரு நிறத்தைக் காட்டி, 'இதற்கு என்ன பெயர் சொல்வீர்கள்?' என்று கேட்டுத் தொகுத்த பட்டியல் அது. பதில் சொன்னவர்களில் பாதிப்பேர் என்னைப் போல வேலையில்லாத விடலைகள் என்பது படித்திருந்தால் புரிந்திருக்கும். நான் படிக்கவில்லை.

சோதித்துப் பார்க்காமல் இல்லை. முதல் மூன்று புடவைகளைப் பார்த்தேன். அரச நீலம், சூரியகாந்தி, ரோஜா என்று வந்திருந்தது. எனக்கே என் மேல் மதிப்பு வந்துவிட்டது. மற்ற ஐம்பத்தேழையும் பார்க்கவில்லை.

லேப்டாப்பை எடுத்துப்போய் அந்த மூன்றையும் காட்டினேன். புவனா அக்கா அசந்துவிட்டார்.

"எப்டிபா இத்தினி பேரு புடிச்ச?"

"லைப்ரரிலேர்ந்து இம்போர்ட் பண்ணேன்க்கா."

அவர் கணவர் பக்கம் திரும்பினார். "பாத்தியா? லைப்ரரிக்குப் போயி, ஃபாரின் புஸ்தகம்லாம் பாத்து எழுதிக்கினு வந்துருக்குது புள்ள. இந்தக் காலத்துல யாரு லைப்ரரிக்குப் போறாங்க?"

அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என்னை யாராவது பாராட்டி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அடக்கமாகச் சிரித்துவிட்டுக் காபியை வாங்கிக் குடித்தேன்.

பெயர் போடாத படங்களை முன்பே அனுப்பியிருந்தோம், அதில் பதினான்கை அவர்கள் குறித்து வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு வீடியோ கால். அன்று தறி ஓடவில்லை. கூடத்தில் பாய் விரித்து, ஒரு ஸ்டூலின் மேல் என் லேப்டாப்பை வைத்து, அதற்கு ஒரு சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்கள். திரையில் மல்லிகா அம்மா, அவருடைய மாமியார், கல்யாணப் பெண் கவிதா, இன்னும் நான்கைந்து உறவினர்கள். கவிதா தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் புடவை விவகாரத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்கிற முகம். மல்லிகா அம்மா தன் போனில் என் வெப்சைட்டைத் திறந்து வைத்து ஒவ்வொரு பெயராகப் படிக்க, புவனா அக்கா அந்தப் புடவையை விரித்துக் காட்டினார்.

"அரச நீலம். நல்லாருக்கு லா. சூரியகாந்தி. ரோஜா." மாமியார் தலையாட்டினார். நான் கால்மேல் கால் போட்டுக்கொண்டேன்.

"அடுத்தது, முகூர்த்தத்துக்கு இதத்தான் நெனச்சி வச்சிருக்கோம்..." என்று ஆரம்பித்த மல்லிகா அம்மா நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "உலர்ந்த இரத்தம்னு போட்டிருக்கே?"

புவனா அக்கா கையில் அருமையான ஒரு அரக்குப் புடவை, இரண்டு விரற்கடை ஜரிகையோடு. அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரை நொடிதான் எடுத்துக்கொண்டார்.

"ரத்தினம்மா! ரத்தினம். புள்ள அவசரத்துல தப்பா அடிச்சிருக்குது."

"உலர்ந்த ரத்தினமா? ரத்தினத்த எதுக்கும்மா உலர வைக்கறீங்க?"

"ஈரத்தோட நெய்ய முடியாது இல்லமா?"

மல்லிகா அம்மா யோசித்தார். அது அவருக்கு நியாயமாகப் பட்டது போலிருந்தது. கவிதா போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"சரி. அடுத்தது... காயம்."

"பெருங்காயம்மா. பெரு உட்டுப்போச்சி."

"பெருங்காயம் இப்படி ஊதாவாவா இருக்கும்?"

"எங்க ஊர்ல இப்டித்தாம்மா வரும்."

நான் காலைக் கீழே இறக்கியிருந்தேன். அடுத்த பெயரைப் பார்த்த மல்லிகா அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இத நான் படிக்கல" என்றார். பக்கத்திலிருந்த மாமியார் விடவில்லை. "என்ன போட்டிருக்கு? படி."

"குழந்தை மலம்னு போட்டிருக்கு அத்தை."

"மலர்!" என்று புவனா அக்கா கூவினார். "கொழந்த மலர்மா! ஒரு எழுத்துதாம்மா மாறிப்போச்சி!"

வெப்சைட்டையே இழுத்து மூடிவிடலாம் என்று என் கை லேப்டாப்பை நோக்கிப் போனது. ஏகாம்பரம் அண்ணன் நீல நிறக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"எலும்பு," என்று படித்தார் மல்லிகா அம்மா. குரலில் இப்போது உயிர் இல்லை.

"எலுமிச்சம்பழம்மா."

"எலுமிச்சை மஞ்சளாத்தானே இருக்கும்? இது சந்தனமாட்டம் இருக்கே."

(சரியான பெயர் அது. காசு வாங்காமல் அவர் சொல்லிவிட்டார்.)

"உள்பக்கம்மா. எலுமிச்சம்பழத்துக்கு உள்தோலு இந்தக் கலர்தான்."

கவிதா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அது அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"அதுக்கும் பக்கத்துல... சாம்பல்."

"சாம்பிரா..." என்று ஆரம்பித்த புவனா அக்காவுக்கு முதல்முறையாக வார்த்தை வரவில்லை. அதற்குள் மாமியார் திரைக்கு நெருக்கமாக வந்துவிட்டார். "எலும்பு. பக்கத்துலயே சாம்பல். நாம கல்யாணத்துக்குப் புடவ எடுக்கறோமா, இல்ல மறுநாள் சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கப் போறோமா?"

"அப்புறம் பேசறோம்மா," என்றார் மல்லிகா அம்மா. திரை இருண்டது.

புவனா அக்கா விரித்திருந்த புடவையை மடிப்பு மாறாமல் மடித்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "பாவ திருப்பி அனுப்பிட்டனேபா," என்று மட்டும் சொன்னார். அதை என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, தறியைப் பார்த்துச் சொன்னார். எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் ஏகாம்பரம் அண்ணன் வாயைத் திறந்தார்.

"எந்த லைப்ரரி?"

"அண்ணா, அது வந்து... எல்லாருக்கும் பொதுவான லைப்ரரிண்ணா."

"பொது நூலகமா?"

தலையை ஆட்டினேன். (இந்தத் தலையை யாராவது அப்போதே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.)

அவர் அந்த அரக்குப் புடவையை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். கோபம் தணிய எங்கேயாவது சுற்றிவிட்டு வருவார் என்று நினைத்தேன். அரை மணி கழித்து புவனா அக்காவின் போன் அடித்தது. எடுத்ததுமே ஏகாம்பரம் அண்ணன் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"இந்தப் பையன் இங்க மெம்பரே இல்லியாம்!"

நான் பைக்கில் பறந்து நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசிப்புக் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் தாளைத் தாழ்த்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூலகர் அம்மாவின் மேஜைமேல் அரக்குப் புடவை விரித்துக் கிடந்தது. அதன் பக்கத்தில் உறுப்பினர் பதிவேடு. அதன் பக்கத்தில் இரண்டு புத்தகங்கள். ஒன்று ரத்த சோகை பற்றியது, மற்றது ரத்த தானம் பற்றியது. அந்த அம்மா கடமை உணர்ச்சி உள்ளவர். புகாரில் 'இரத்தம்' என்ற சொல் வந்ததும் அலமாரியில் தேடி எடுத்து வைத்திருக்கிறார்.

"இவந்தான்," என்றார் ஏகாம்பரம் அண்ணன்.

"தம்பி, கார்டு இல்லாம எப்படிப் புத்தகம் எடுத்தீங்க?"

"நான் இங்கேர்ந்து எடுக்கலங்கம்மா. இது வேற லைப்ரரி. தேர்ட் பார்ட்டி லைப்ரரி."

செய்தித்தாள்காரர் ஒருவருக்கு ஆர்வம் தாங்கவில்லை. "எந்த பார்ட்டிபா? மூணாவது அணியா? அவங்க லைப்ரரிலாம் நடத்தறாங்களா?"

நெற்றி வியர்க்க விளக்கினேன். புத்தகம் இல்லை, நிரல். கட்டடம் இல்லை, இணையம். நான் எழுதியது இல்லை, வேறு யாரோ எழுதியது. நான் பேசப் பேச, என் தொழில் எனக்கே ஒரு திருட்டு மாதிரி கேட்டது. ஏகாம்பரம் அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒவ்வொன்றாக விசாரித்தார்.

"யாரு எழுதனது?"

"தெரியாதுண்ணா."

"அந்தாளு பட்டு பாத்துருக்கானா?"

"தெரியாதுண்ணா."

"நீ அத்த படிச்சியா?"

"இல்லண்ணா."

"படிக்காம எடுத்தாந்து எங்க ஊட்ல வச்ச."

நூலகர் அம்மா மெதுவாக, "புதுசா புத்தகம் வந்தா நாங்களே ஒரு தரம் பொரட்டிப் பாத்துட்டுத்தான் தம்பி அலமாரில வைப்போம்" என்றார். கூடம் முழுக்க உச்சுக்கொட்டியது. கல்லூரியில் நான்கு வருடம் எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம் அது. ரத்த சோகை புத்தகத்தைப் பார்த்தபடி கற்றுக்கொண்டேன்.

அந்த மேஜையிலேயே லேப்டாப்பைத் திறந்து அந்த இரண்டு வரிகளையும் அழித்தேன். அழித்துவிட்டு, "அண்ணா, எனக்கு அரக்குன்னா எதுன்னு தெரியாதுண்ணா. ஒண்ணுமே தெரியாது" என்றேன். ஒரு வாரத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம்.

ஏகாம்பரம் அண்ணன் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒண்ணொண்ணா காட்டு."

முதல் படத்தைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டார். "டியூப் லைட்லயா எட்த? அதுல பட்டு பொணம் மாரித்தாம்பா இருக்கும். வாசல்ல வச்சி எட்த்துருக்க வேணாமா?" அப்படியானால் அந்த லைப்ரரியும் பாவம், முழுக்கப் பொய் சொல்லவில்லை. நான் காட்டியதைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அவருக்குப் படம் தேவைப்படவில்லை. ஓரத்தில் தெரிந்த கரையைப் பார்த்தே எந்தப் புடவை என்று சொன்னார். நான் கையால் தட்டச்சு செய்தேன். அறுபது பெயர்கள். ஒரு மாதத்துக்கு அவர் பேசும் வார்த்தைகளை அந்த இரண்டு மணி நேரத்தில் பேசிவிட்டார். காயம் என்பது கத்தரிப்பூ. குழந்தை விவகாரம் வேப்பம்பழம். சாம்பல்தான் புறாக்கழுத்து. மூன்றாவது அணிக்காரர் ஒரு மஞ்சளைப் பார்த்து "மாம்பழம்" என்றார். "மாம்பழத்துல எது? பங்கனபள்ளியா, மல்கோவாவா?" என்று அண்ணன் திருப்பிக் கேட்டதும் செய்தித்தாள்களை மடித்து வைத்துவிட்டு எல்லோரும் மேஜையைச் சுற்றி வந்துவிட்டார்கள். "சத்தம் போடாதீங்க," என்று அதட்டிய நூலகர் அம்மா, அடுத்த நிமிடம் தானே எட்டிப் பார்த்து, "இந்த வெங்காயத்தோல் சின்ன வெங்காயமா, பெரிய வெங்காயமா?" என்றார். ஏகாம்பரம் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "சின்ன வெங்காயம்மா," என்றார். இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது.

மதியம் நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது புவனா அக்கா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். சரியான பெயர்களோடு வெப்சைட்டைக் காட்டினேன். பார்த்தார். "இப்ப யாருக்குபா இது?" என்றார்.

அவர் கேட்டு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. போன் அடித்தது. ஈப்போ நம்பர்.

"அக்கா, நான் கவிதா பேசறேன். கல்யாணப் பொண்ணு." அவளுக்குப் பேச்சைவிடச் சிரிப்புதான் முன்னால் வந்தது. "ஈரத்தோட நெய்ய முடியாதுன்னு சொன்னீங்களே... என் ஆபீஸ் பூரா சொல்லிட்டேன்க்கா. மூணு மாசமா இந்தக் கல்யாணத்துல எல்லாரும் சண்டதான் போடறாங்க. நான் சிரிச்சதே இன்னிக்குத்தான். பாட்டிகிட்ட நான் பேசிக்கறேன். எனக்கு அந்த உலர்ந்த ரத்தினம்தான் வேணும். உங்ககிட்டதான் வேணும்."

புவனா அக்கா போனைக் காதில் வைத்தபடி அழுதார். அழுதுகொண்டே, "நல்லா ஒணத்தியே அனுப்பறேன் கண்ணு" என்றார்.

பதினான்கில் பதினொன்றை எடுத்துக்கொண்டார்கள். மூன்றை எடுக்கவில்லை. எந்த மூன்று என்று சொல்லத் தேவையில்லை. சந்தனம், புறாக்கழுத்து, வேப்பம்பழம் என்று எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும், ஒரு தரம் காதில் விழுந்த பெயரைப் பாட்டியின் காதிலிருந்து எடுக்க முடியவில்லை. அந்த மூன்று புடவைகளும் ரொம்ப நாள் புவனா அக்கா வீட்டு அலமாரியில் இருந்தன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் தலை குனிந்துகொள்வேன். அவர் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. அந்தப் பதினொன்றும் அவர்கள் பெயரிலேயே கப்பல் ஏறின. கடையிலிருந்து பாவு வாங்கும் நிலைமை அவர்களுக்கு அதற்கப்புறம் வரவில்லை. கவிதாவின் சொந்தக்காரர்கள் இன்றும் போன் செய்து "அந்த ரத்தக் கலர் இருக்கா?" என்று கேட்பார்கள். ஏகாம்பரம் அண்ணன் "அரக்குன்னு சொல்லுங்கமா" என்பார். அவர்கள் சொல்லும் வரைக்கும் அடுத்த வார்த்தை பேச மாட்டார்.

எனக்கு ஏற்பட்ட விளைவுகள் வேறு வகை. புவனா அக்காவின் போனில் என் பெயர் 'லைப்ரரி'. இனிப்பு வாங்கிக்கொண்டு போனால்கூட, "நீ தின்னு பாத்தியா, இல்ல லைப்ரரியா?" என்று ஏகாம்பரம் அண்ணன் கேட்டுவிட்டுத்தான் தொடுவார். மகன் என்ன வேலை செய்கிறான் என்பது என் அப்பாவுக்குக் கடைசியில் புரிந்துவிட்டது. இப்போதெல்லாம் யாராவது கேட்டால், "எவனோ எழுதனத படிக்காம எடுத்தாந்து ஒட்டறான்" என்கிறார். இதைவிடத் துல்லியமாக என் தொழிலை யாரும் விளக்கி நான் கேட்டதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் தேர்ந்தெடுக்கும் பேச்சு வந்ததும், என் மனைவி, அம்மா, அக்கா மலர் மூவரும் ஒரே குரலில், "நீ கம்முனு இரு" என்றார்கள். எழிலரசி என்று அவர்களே முடிவு செய்தார்கள். தொட்டில் போடும் நாளில் குழந்தையின் காதில் அப்பன்காரன் மூன்று தரம் பெயரைச் சொல்ல வேண்டும் அல்லவா? அதிலும் நான் ஏதாவது செய்துவிடுவேன் என்று பயந்து, என் அப்பா அந்தப் பெயரைத் தன் கையாலேயே ஒரு சீட்டில் எழுதி, "இத்த மட்டும் பாத்து சொல்லு, வேற எதுவும் பேசாத" என்று கொடுத்தார். வந்திருந்தவர்கள் எல்லோருக்கும் கதை தெரியும். கூட்டத்தின் பின்னாலிருந்து ஏகாம்பரம் அண்ணன் குரல் வந்தது. "ஒரு தரம் நீயும் படிச்சிப் பாத்துட்டு சொல்லுபா."

வீடே சிரித்தது. ஐயரும் சிரித்தார். நான் சிரிக்காமல், சீட்டைப் பிரித்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். எங்கள் ஊரில் வாய் சொல்வதைத்தான் கை எழுதும். அப்பா 'எலிலரசி' என்று எழுதியிருந்தார்.

"அப்பா," என்றேன், "எலின்னு எழுதியிருக்குது."

சீட்டு கை மாறிக் கை மாறி வீடு முழுக்கச் சுற்றி வந்தது. அப்பா மூன்று தரம் படித்துவிட்டு, "சரியாத்தானடா இருக்குது" என்றார். நான் தொட்டிலில் குனிந்து, சரியான பெயரை, ழகரம் சுத்தமாக, மூன்று தரம் சொன்னேன். என் வாழ்க்கையில், ஒட்டுவதற்கு முன் நான் படித்துப் பார்த்துத் திருத்திய முதல் பெயர் அது. என் மகளுக்கு இப்போது மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் எழிலரசி. வீட்டில் எல்லோரும் கூப்பிடுவது எலி என்றுதான்.